சத்தமில்லாத வசூல்

கரமனை, திருவனந்தபுரம்
12.6.1998

மதிப்பிற்குரிய அத்தைக்கு அழகியநம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் ரத்னாபாயும் உங்கள் பேத்தி சுஜாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? கோட்டாற்றில் மழை எப்படி? இங்கே துணி காயவில்லை.

என்னை நெடுமங்காட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவில் உள்ள கிளைக்கு மாற்றிவிட்டார்கள். நீங்கள் கல்யாணமாகி வந்து குடியிருந்த ஆரியசாலை இப்போது என் கிளைக்குள் வருகிறது. ரத்னாபாய்க்குத் தான் பிறந்த தெரு என்று சந்தோஷம். எனக்கு அவ்வளவு இல்லை.

அத்தைக்கு என் உத்தியோகம் பற்றிச் சரியாகச் சொன்னதில்லை. சர்க்கார் பணத்தை ஈடு இல்லாமல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடனாகக் கொடுத்து வாராவாரம் வசூலிப்பது எங்கள் கழகத்தின் வேலை. கேட்க நன்றாக இருக்கும். மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நாலு பக்கமும் ஆள் நிற்கிறான். மந்திரி முகாம் போட்டு, மாலைக்குள் இத்தனை பேருக்குக் கொடு என்கிறார். கொடுத்த மறுநாளே, சர்க்கார் கடன்தானே, தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகும் என்று தெருவில் பேச்சு. பக்கத்திலேயே பிளேடுகாரன், அதுதான் கந்துவட்டிக்காரன், ஸ்கூட்டரில் வந்து, கேட்ட நிமிஷம் வட்டிக்குக் கொடுக்கிறான். அவனுக்குப் பயந்து அவனுக்கு முதலில் கட்டுகிறார்கள். எனக்குக் கடைசியில். கோர்ட்டுக்குப் போனால் செலவு கடனைவிட அதிகம். ஜீப்பை எடுத்துக்கொண்டு போனால் யூனியன்காரன் சக்கரத்துக்கு முன்னால் உட்காருகிறான். வசூல் குறைந்தால் மட்டும் தலைமை ஆபீஸ் என் பெயரைக் கேட்கும்.

ஐந்து ஐந்து பெண்களாகக் குழு சேர்த்துக் கொடுக்கிறோம். ஒருத்தி கட்டாவிட்டால் அவள் பாக்கி மற்ற நாலு பேர் தலையில், அது தீரும் வரை அவர்களுக்கு அடுத்த கடன் கிடையாது. ஆகையால் யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் எல்லாம். என் ஃபீல்டு ஆபீசர் ஷைலஜா ஆற்றிங்கல்காரி. ஆரியசாலைத் தமிழர்களில் யார் எவர் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியாத வீடு அங்கே கிடையாது. கிணற்றடி வரிசையில் ஒரு குழு மனுக் கொடுத்திருக்கிறது. தலைவி ராகேல், பழைய பைண்டர் தேவசகாயத்தின் மருமகள். இன்னொருத்தி செண்பகவல்லி, அப்பளக்கார முத்தாரம்மாளின் மகள். மற்ற மூவரும் பின்னால் வந்தவர்கள். இவர்கள் குடும்பம் எப்படி என்று ஒரு வரி எழுதினால் எனக்கு உபகாரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அழகியநம்பி


கோட்டாறு
15.6.98

மாப்பிள்ளை அவர்கள் நீடூழி வாழ சிவகாமியம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. என் கால் அப்படியேதான் இருக்கிறது. அது போகட்டும். பேத்திக்கு மழையில் நனையாமல் போகச் சொல்லவும்.

உங்கள் கடுதாசி நேற்று வந்தது. இன்றைக்கே பதில். வந்த கடுதாசியைக் கிடப்பில் போடுகிற குணம் என்னிடம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணலாக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

தேவசகாயம் நல்ல மனுஷன். என் கையால் ஒரு தடவை மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அந்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

முத்தாரம்மாள் மகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஏன் என்று சொல்லுகிறேன். ரத்னாபாய் அப்பாவின் அரிசி மண்டி ஒடிந்தது அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில். ரத்னாபாய்க்கு அப்போது ஆறு வயது. கடன்காரர்கள் வந்தார்கள். ஆம்பிளைகள் கத்தினார்கள், நானும் கதவுக்குப் பின்னால் நின்று கத்தினேன், அது அன்றோடு தீர்ந்தது. முத்தாரம்மாளும் அப்பளக் காசைச் சேர்த்து மண்டியில் போட்டிருந்தாள். அவள் கத்தவில்லை. காலையில் வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நான் உள் அறையிலிருந்து கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சைச் சேலை, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு வீட்டு வாசலில் உட்காருகிறவள் அந்த வீட்டுக்கே முதுகைக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு தடவைகூடப் பணம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் என் வீட்டு நடை வழியே தெரு முழுக்கப் பார்க்க வைத்தாள். அதன் பிறகு நான் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர் கோரியது இல்லை. இரண்டே மாதத்தில் கோட்டாறு வந்துவிட்டோம்.

அவள் வயிற்றில் பிறந்தவளுக்கு சர்க்கார் பணமா? வேண்டாம்.

ரத்னாபாயை எனக்கு எழுதச் சொல்லவும்.

ஆசிகளுடன்,
சிவகாமியம்மாள்


திருவனந்தபுரம்
30.6.1998

அத்தைக்கு நம்பியின் வணக்கம்.

அனைவரும் சுகம். நாட்டு மருந்துக் கடையில் முழங்காலுக்குத் தைலம் வாங்கி, நாகர்கோவில் வருகிற சிநேகிதரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆனால் செண்பகவல்லியை எடுத்தால் குழு நாலாகிவிடும். நாலுக்குக் கடன் இல்லை. அடுத்த மாசம் மந்திரி முகாம். சாலைக் கிளையிலிருந்து இத்தனை குழு என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆகவே கொடுத்தாக வேண்டும்.

அவளை நேரில் பார்த்தேன். புருஷன் வேல்சாமி சாலையில் லோடு இறக்குகிறவன். லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறான். இவள் அரிசிக் கடைகளிலிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கிப் பொத்தல் தைத்து மறுபடி விற்கிறாள். இதுவரை வீட்டு வாசலில். இப்போது அரிசி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் மூலை ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது, மழையில் சாக்கு நனையாது, மொத்தமாக வாங்கிப் போடலாம் என்றாள். அந்த மூலை கிடைத்தால் குடும்பம் நிற்கும். இல்லாவிட்டால் பிளேடுகாரன்தான். "சாரே, அந்த மூலை மட்டும் நிலைச்சா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். வாங்கும்போது.

எனக்கு வேண்டியது வேறு. கடன் வாங்கினவளுக்கு எதற்குப் பயம் என்று தெரிந்தால் மானேஜருக்குப் பாதி வேலை முடிந்தது. பிளேடுகாரன் அடிப்பான், அது அவனுக்கு வசதி. சர்க்கார் ஆள் அடிக்க முடியாது, திட்டினால்கூடப் பெட்டிஷன். அந்தத் தெருப் பெண்களுக்கு எது தாங்காது? நீங்கள் அங்கே இருந்தவர். சொல்லுங்கள்.

அன்புடன்,
நம்பி


கோட்டாறு
3.7.98

மாப்பிள்ளை அவர்களுக்கு ஆசீர்வாதம். தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

கொடுத்தாக வேண்டும் என்றால் நான் என்ன சொல்ல. வாங்குகிற வழியையாவது சொல்லுகிறேன்.

அந்தத் தெருவில் யாரும் அடிக்குப் பயப்பட மாட்டார்கள். ஏச்சுக்கும் பயப்பட மாட்டார்கள். ஏசினால் திருப்பி ஏசுவாள். அது சண்டை ஆகிவிடும். சண்டையில் மானம் போகாது, சண்டை போட்டவள் என்று பெயர்தான் வரும். அதனால் கத்தக் கூடாது.

தவணை தவறின அன்றைக்குக் குழுவில் மற்ற நாலு பேரையும் அவள் வாசலில் போய் உட்காரச் சொல்லுங்கள். ஆபீஸ் ஆள் யாரும் போக வேண்டாம். போனால் அது ஆபீஸ் காரியம் ஆகிவிடும். தெருக்காரிகளே இருக்க வேண்டும். காலையில் தண்ணீர் வருகிற நேரத்துக்குப் போகணும், அப்போதுதான் தெரு முழுக்க வெளியே இருக்கும். வீட்டுப் பக்கமாகப் பார்த்து உட்காரணும், உள்ளே இருக்கிறவளுக்கு இவர்கள் முகம் தெரியணும். பணம் கேட்கக் கூடாது. அவள் தண்ணீர் கொடுத்தால் வாங்கக் கூடாது. பேசினால் பதில் பேசக் கூடாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து வந்துவிடணும். மறுநாளும் போகணும்.

மூன்று நாள் போதும். எனக்குத் தெரியும்.

ரத்னாபாய் கடுதாசி இன்னும் வரவில்லை.

சிவகாமியம்மாள்


திருவனந்தபுரம்
22.9.1998

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

ஓணத்துக்கு நீங்கள் அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்தது. சுஜா ஒருத்தியே பாதி தின்றாள். உங்கள் உடம்புக்கு இப்போது எப்படி?

பதில் தாமதமானதற்கு மன்னிக்கணும். வேலை அப்படி. ஆனால் நல்ல செய்தி இருக்கிறது.

செண்பகவல்லி கிட்டங்கி மூலையைப் பிடித்துவிட்டாள். ஆவணி வரை ஒழுங்காகக் கட்டினாள். ஓணம் முடிந்ததும் சாலையில் வியாபாரம் இறங்கிவிடும், சாக்கு விலையும் இறங்கியது. இரண்டு தவணை தவறினாள். நீங்கள் எழுதியபடி செய்யச் சொன்னேன். ராகேலுக்கு மனசில்லை. அவள் மகனுக்கு ஐ.டி.ஐ.யில் சேர அடுத்த கடன் வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். போனாள். போகும்போது செண்பகவல்லியிடம், "அக்கா, நான் உட்காரல்ல, என் கடன் உட்காருது" என்றாளாம். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானமே பணம் வந்துவிட்டது. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை.

போன வாரம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் எங்கள் மானேஜர்களை எல்லாம் கூட்டி, ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு நிபுணர் பேசினார். உங்கள் தொழில் நடக்கும் சூழலில் எது இடைஞ்சல், எது அனுகூலம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். இடைஞ்சல் சொல்ல எல்லாரும் போட்டி போட்டார்கள். கழக்கூட்டம் மானேஜர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுக்கு நிலம் விற்றவனிடம் கடன் வேண்டுமா என்று கேட்டால் அவன் எனக்கே கடன் தருகிறேன் என்கிறான் என்றார். ஒரே சிரிப்பு. மந்திரி, யூனியன், மழை, சீட்டுக் கம்பெனி, தள்ளுபடி எல்லாம் வந்தது. அனுகூலம் என்ன என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரியின் கண் என்று. வாசல் முறையை விவரித்தேன். நிபுணர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து மானேஜர்கள் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னை ஒருவர் மதித்துக் கேட்டார் அத்தை.

ரத்னாபாய்க்கு இப்போது அடிக்கடி தலைவலி. எழுதுவாள்.

நம்பி


கோட்டாறு
26.9.98

மாப்பிள்ளை அவர்கள் சகல சௌக்கியமும் பெற வேண்டி எழுதுவது. என் கால் இந்த வாரம் கொஞ்சம் பரவாயில்லை. கோவில் வரை நடந்தேன்.

ஒரே கடுதாசியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். முத்தாரம்மாள் உயிரோடு இருக்கிறாளா, அந்த வீட்டில்தான் இருக்கிறாளா? இவர்கள் போய் உட்கார்ந்தபோது அவள் எங்கே இருந்தாள்? உள்ளேயா, வெளியே வந்தாளா? முகம் எப்படி இருந்தது? ஏதாவது சொன்னாளா? இது யார் யோசனை என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தெரிய வைக்கணும். மண்டிக்கார வீட்டுச் சிவகாமி சொல்லித்தான் என்று யாராவது அவள் காதில் போட வேண்டும்.

ரத்னாபாய்க்குத் தலைவலி என்றால் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கு நாலு வரி எழுத முடியாத தலைவலி எங்கள் பக்கத்தில் கிடையாது.

சிவகாமியம்மாள்


திருவனந்தபுரம்
2.12.1998

அத்தைக்கு வணக்கம். நலம்தானே.

இதை எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செண்பகவல்லி மறுபடி தவறினாள். போன வாரம் ராகேல் முதலானோர் போய் உட்கார்ந்தார்கள். உங்கள் மகள் கரமனையிலிருந்து பஸ் ஏறிப் போய், அவர்கள் நடுவில் நடந்து, அந்த வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் அல்ல, மூன்று நாளும். மானேஜர் பெண்டாட்டி உள்ளே இருக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஷைலஜா என் முன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

கேட்டால், செண்பகவல்லி சின்ன வயசில் தன்னோடு விளையாடினவள் என்கிறாள். மார்ச்சுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வசூல் காட்டினால் எனக்குத் தலைமை ஆபீஸ் நிச்சயம். நான் அவளிடம் கோபத்தில், உன் அம்மா சொன்ன வழி, உன் அம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் அவளுக்கு எழுதிப் புத்தி சொல்ல வேண்டும்.

அவர்கள் இனி வீட்டு வாசலோடு கிட்டங்கி வாசலிலும் உட்காருவார்கள். வீட்டில் உங்கள் மகள் இருக்கிறாள் அல்லவா.

நம்பி


கரமனை
22.12.98

அம்மாவுக்கு ரத்னாபாய் எழுதுகிறேன். எனக்கும் சுஜாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கால்வலி எப்படி இருக்கிறது?

நீ எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. அந்த வீட்டுப் படி ஏறின காலோடு உன் வீட்டுக்கு வராதே என்று எழுதியிருந்தாய். திட்டினதற்கு நான் பதில் எழுதவில்லை. நீ பார்க்காததை எழுதுகிறேன்.

அது ஒற்றை அறை வீடு. வேல்சாமி அண்ணன் கட்டில் வாசலுக்கு நேரே கிடக்கிறது. வேறு இடம் இல்லை. முத்தாரம்மாள் ஆச்சி இரவும் பகலும் கிட்டங்கியில் சாக்குக்குக் காவல் இருக்கிறாள், நான் இன்னும் பார்க்கவில்லை. நாலு பெண்களும் உள்ளே பார்த்து உட்கார்ந்தால் அவர்கள் பார்ப்பது அவரைத்தான். மூத்திரம் போகவும் அவரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் நாள் காலையில் அடக்கிக்கொண்டு கிடந்தார். மத்தியானம் செண்பகவல்லியைக் கூப்பிட்டு, "என்னைச் சொவரு பக்கமா திருப்பிப் போடு" என்றார். அவள் தனியாகத் திருப்ப முடியவில்லை. நானும் பிடித்தேன். எலும்பு நகர்ந்து, அவர் செண்பகவல்லியின் சேலை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார், வெளியே கேட்கக் கூடாது என்று. ராகேல் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே பார்க்கணும் என்பது சட்டம் என்று பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

அம்மா, நீ சொன்னாய், முத்தாரம்மாள் ஆச்சி நம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று. நான் ஆறு வயசுப் பிள்ளை, ஆனால் நீ அறைக்குள் இருந்தாய், நான் வாசலில் இருந்தேன். பணத்துக்காக உட்காருகிறவள் வீட்டைப் பார்த்துத்தான் உட்காருவாள், அதை நீதான் இவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஆச்சி தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். வட்டிக்கார மூப்பன் ஆட்கள் பாத்திரம் தூக்க வந்தார்கள். படியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கும்போது தாண்டி உள்ளே போக ஆம்பிளைக்குக் கூசும். "எனக்கும் இவுக தரணும், என் கணக்கு முடியாம ஒருத்தன் உள்ள போகப்பிடாது" என்று ஆச்சி சொன்னாள். அவர்கள் மண்டியைத் துடைத்துக்கொண்டு போனார்கள், வீட்டுக்குள் வரவில்லை. நம் பாத்திரம் எல்லாம் கோட்டாறு வந்ததே, எப்படி என்று நீ யோசித்ததே இல்லையா?

நீ மூன்று நாளும் சமைக்கவில்லை. நான் ஆச்சி மடியில் உட்கார்ந்து இட்லி தின்றேன். உன்னிடம் சொல்லப் பயம், பிறகு சொல்ல நேரமே வரவில்லை.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிட்டங்கி வாசலிலும் உட்காருகிறார்கள். தகராறு உள்ள இடம் என்று அரிசிக் கடைக்காரர்கள் செண்பகவல்லிக்குச் சாக்கு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சாக்கு இல்லாமல் அவள் எதைத் தைத்து எதைக் கட்டுவாள்? தை பிறந்தால் புது அரிசி வரும், சாக்கு குவியும், மாசிக்குள் எல்லாத் தவணையும் கட்டிவிடுவேன் என்று அழுகிறாள். ஆனால் கிட்டங்கி முதலாளி, தை முதல் தேதிக்குள் இந்தக் கூட்டம் போகாவிட்டால் மூலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இவரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். உன் அம்மா நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன் என்று ஒரே பேச்சு. உன் கையால் ஒரு வரி, நிறுத்துங்கள் என்று. அவ்வளவுதான். சொன்ன வார்த்தையை உன்னிடம் மாற்ற அவருக்கு வாய் வராது.

இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ரத்னாபாய்


கோட்டாறு
27.1.99

ரத்னாபாய்க்கு அம்மா ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடுதாசி வந்தது. இங்கே தபால்காரன் சரியில்லை. எனக்கும் காலில் நீர் கோத்து எழுந்திருக்க முடியவில்லை. பேனாவும் எழுதாமல் கிடந்தது, எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி நேற்றுத்தான் வாங்கினேன்.

பொங்கல் இந்த வருஷம் சுமார். கரும்பு விலை கேட்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் பானை சாய்ந்து பொங்கி, வடக்கே சாய்ந்தால் நல்லதா கெட்டதா என்று ஒரே தர்க்கம். உனக்குப் பிடிக்குமே என்று பனங்கிழங்கு வாங்கி வைத்தேன். வருகிற ஆள் யாரும் அகப்படவில்லை, காய்ந்து நாராகிப் போய்விட்டது.

சின்னப் பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றாக நினைத்துக்கொள்ளும். ஆறு வயசில் உனக்கு என்ன தெரியும். பட்டினி போட்ட தாய் என்று நீ எழுதியிருப்பதை நான் படித்தேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்று கேள்விப்பட்டேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடு.

அம்மா


திருவனந்தபுரம்
10.2.1999

மதிப்பிற்குரிய அத்தைக்கு நம்பியின் வணக்கம். சளி குணமாகிவிட்டது. தாங்கள் நலமா?

உங்களிடமிருந்து எனக்குக் கடிதம் வரும் என்று ரத்னாபாய் மார்கழி முழுதும் தபால்காரனைப் பார்த்து வாசலில் நின்றாள். போகிப் பண்டிகை அன்று ராத்திரி, உன் அம்மாவுக்கும் இதில் சம்மதம்தான் என்று தெரிகிறது அல்லவா என்று கேட்டேன். அன்றிலிருந்து வீட்டில் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், பேசுவதில்லை.

தை முதல் தேதி கிட்டங்கிக்காரர் மூலையைக் காலி செய்துவிட்டார். சாக்குகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். அன்று சாலையில் மழைத் தூறல். அதோடு செண்பகவல்லிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிளேடுகாரனிடம் ஓணம் முடிந்த கையோடேயே வாங்கி எனக்குக் கட்டியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவன் ஆட்களும் வரத் தொடங்கவே, போன ஞாயிற்றுக்கிழமை வேல்சாமியின் ஊருக்கு, சிவகிரிப் பக்கம், குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவனைச் சாக்கு லாரியில் படுக்க வைத்துக்கொண்டு போனார்களாம். முத்தாரம்மாள் கிழவி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். வழியனுப்ப உங்கள் மகளும் போயிருந்தாள்.

கழகத்துக்கு நஷ்டம் இல்லை. அவள் பாக்கியை ராகேலும் மற்றவர்களும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அவர்களுக்கு அது சிரமம், ராகேல் மகன் படிப்பை நிறுத்திச் சாலையில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகிறான். ஆனால் ஏட்டில் நூற்றுக்கு நூறு. தலைமை ஆபீஸ் உத்தரவு வந்துவிட்டது. பங்குனியிலிருந்து எல்லாக் கிளைகளின் வசூலும் என் மேற்பார்வை. வாசல் முறைக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்துச் சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். அதில் தெருவில் உள்ள மூத்த பெண்களின் அனுபவத்திலிருந்து பெறப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அது நீங்கள்.

என்றும் நன்றியுடன்,
அழகியநம்பி


கோட்டாறு
13.2.99

ரத்னாபாய்க்கு அம்மா எழுதிக்கொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள். பேத்தியைத் தமிழில் எனக்கு ஒரு கடுதாசி எழுதச் சொல்.

மாப்பிள்ளை கடுதாசி நேற்று வந்தது. உத்தியோகம் உயர்ந்ததற்குக் கோவிலில் அர்ச்சனை செய்தேன். உன் பெயருக்கும் சேர்த்துத்தான்.

நீ லாரி வரை போய் வழியனுப்பினாய் என்று எழுதியிருக்கிறார். போனது போகட்டும், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. முத்தாரம்மாள் வண்டி ஏறும்போது என்னைப் பற்றி என்ன சொன்னாள்? கட்டாயம் ஏதாவது சொல்லியிருப்பாள். திட்டினாலும் பரவாயில்லை, மண்ணை வாரித் தூற்றினாலும் பரவாயில்லை, சொன்னது சொன்னபடி எழுது. நான் இத்தனை வருஷம் ஒரு நாள்கூட அவளை நினைக்காமல் படுத்தது கிடையாது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அழுதாளா? சிவகாமி ஜெயித்துவிட்டாள் என்று சொன்னாளா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம், உன் கோபத்தை எல்லாம் உன்னிடமே வைத்துக்கொள். இதை மட்டும் எழுது.

அம்மா


கரமனை
5.3.99

அம்மா,

நீ கேட்பதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன். லாரி புறப்படுகிற நேரத்தில் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, எங்கம்மைக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றேன். உனக்காக மன்னிப்புக் கேட்கத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"ஒங்கம்மை யாரு மக்களே?" என்றாள்.

சிவகாமி என்றேன். கிணற்றடி வரிசை என்றேன், அரிசி மண்டி என்றேன். ஆச்சிக்குப் புத்தி தடுமாறவில்லை. மண்டி ஒடிந்த வருஷம் சொன்னாள். மூப்பன் ஆட்கள் எத்தனை பேர் வந்தார்கள், யார் தலையில் துண்டு கட்டியிருந்தான் என்று சொன்னாள். என்னைத் தெரிந்தது. அந்தப் பசிச்ச பிள்ளை நீதானா என்று என் கன்னத்தைத் தடவினாள். பிறகு சொன்னாள்:

"உள்ள யாரோ ஒரு பொம்பளை இருந்தா. வெளிய வரவே இல்ல. அவ பேரு எனக்குத் தெரியாதே."

ரத்னாபாய்